மாசிக் கடலும் ஒரு மாநாடும்

பிப்ரவரி 14-ஆம் தேதியைப் பற்றி இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. அந்நியப் பழக்கம் என்று ஏசுகிறவர்கள் ஒரு பக்கம். ரோஜாப்பூவும் வாழ்த்து அட்டையும் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள் மறுபக்கம். ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். காதல் இரண்டு பேரின் சொந்த விவகாரம். ஒருவருக்கு அது ஒழுக்கக்கேடு, இன்னொருவருக்கு உல்லாசம். செங்கற்பட்டுச் சரித்திரத்தை வைத்துப் பார்த்தால் இது மிகவும் குறுகிய பார்வை என்றே எனக்குப் படுகிறது.

1929-இல், அதே பிப்ரவரி மாதம் 17, 18 தேதிகளில், செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை. பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் கூடாது என்ற தீர்மானத்துக்காகவே இன்று அது பெரும்பாலும் நினைக்கப்படுகிறது. அங்கே நிறைவேறிய வேறு சில தீர்மானங்களை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ஆணும் பெண்ணும் ஜாதி மத பேதமின்றித் தம் துணையைத் தாமே தேர்ந்துகொள்ளலாம்; ஒவ்வாத மணத்திலிருந்து பெண் விலகலாம்; விதவை மறுமணம் செய்யலாம்; சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும். துணையையும் சொத்தையும் ஒரே மூச்சில் கேட்டதில்தான் அந்த மாநாட்டின் கூர்மை இருக்கிறது. கைப்பிடி நிலம்கூடத் தன் பெயரில் இல்லாதவள் யாரைத் தேர்ந்தெடுப்பாள்? தேர்ந்தெடுத்தாலும் எங்கே போய் நிற்பாள்?

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்று ஐம்பதுகளில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1967-இல் அண்ணாதுரை அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்த பிறகே அது செல்லுபடியாயிற்று. உற்றார் நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், இவரை ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும். பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு இங்கே 1989-இல் வந்தது. நாடு முழுவதற்கும் 2005-இல். இந்தக் கல்யாணத்தை ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் 2023-இல் விளக்கியது. குடும்பத்துக்குப் பயந்து ஒளிந்து மணம் செய்கிறவர்கள் இன்னும் இருப்பதால் அப்படியொரு விளக்கம் தேவைப்பட்டது.

மாநாடு நடந்த ஊரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் மாமல்லபுரம். மாசிப் பௌர்ணமிக்கு வடதமிழ்நாட்டு இருளர்கள் அந்தக் கடற்கரையில் வந்து கூடுகிறார்கள். துணியாலும் கழியாலும் குடில் அடித்து இரவைக் கழிக்கிறார்கள். மணலிலேயே படி கட்டி, விடியலில் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட அம்மனைச் சமாதானம் செய்து அழைப்பதாக ஐதீகம். பெண் பார்ப்பது, நிச்சயம், காதுகுத்து, தாலி கட்டு எல்லாம் அங்கேயே. முன்னின்று நடத்துகிறவர்கள் அவர்களுடைய பெரியவர்கள். மண்டபம் இல்லை, மேளக்கச்சேரி இல்லை, கல்யாணக் கடனும் இல்லை.

இதை ஆதிவாசிகளின் வெகுளித்தனம் என்று மெச்சிப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடன் இல்லாத கல்யாணம் இந்த ஜனங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்களுடைய பிழைப்பைப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். பாம்புத் தோலுக்காக வேட்டையாடி வாழ்ந்தவர்களின் தொழில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு குற்றமாயிற்று. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து விற்க 1978-இல் ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. சில நூறு பேருக்குத்தான் அது சோறு போடுகிறது. மற்றவர்கள் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போனார்கள். போகும்போது முன்பணம். வைத்தியம், சாவு, கல்யாணம் என்று ஏதாவது ஒன்றுக்கு வாங்கிய சில ஆயிரம் ரூபாய். அதற்காகப் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூவரும் வருஷக்கணக்கில் அதே சூளையில். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமைக் கடனையே ரத்து செய்துவிட்டது. இருந்தும் இந்த நூற்றாண்டில்கூட இந்த வட்டாரங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. தாலிக்காக வாங்கிய கடன் தம்பதிகளையே அடிமையாக்கும் இடத்தில், காதலை அந்தரங்கம் என்று ஒதுக்கிப் பேசுவதற்கு என்ன அர்த்தம்?

அன்புக்கு ஒரு நாள் வேண்டுமென்றால் எனக்கு ஆட்சேபமில்லை. அன்றைக்கு ஏழைகளுக்குப் பொட்டலம் கொடுத்துக் கருணை காட்டுவது நல்ல காரியம்தான்; மறுநாள் காலையில் அது தீர்ந்துபோகிறது. மணலில் தாலி கட்டிக்கொண்ட ஜோடி திரும்பிப் போகிற குடிசைக்குப் பட்டா உண்டா, பிறக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்கிற ஜாதிச் சான்றிதழை எத்தனை நடை நடந்து வாங்க வேண்டும், பட்டா வந்தால் அதில் பெண்ணின் பெயரும் இருக்குமா என்று கேட்பது கடினமான காரியம். 1929-இல் செங்கற்பட்டில் கேட்டவர்கள் அப்படித்தான் கேட்டார்கள்.