உணவை அளந்த கேள்விகள்

ஒரு வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளக்கும் முறை தமிழ்நாட்டில் வளர்ந்ததில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்துக்குப் பங்கு உண்டு. 1935இல் அதன் இயக்குநரான அய்க்ராய்ட், 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். இத்தகைய அட்டவணை இல்லாமல் கேள்வித்தாள் மட்டும் போதாது. கேட்டறிந்த சோற்றைச் சத்துக் கணக்காக மாற்ற உதவுவது அதுவே.

1972இல் அமைந்த தேசிய ஊட்டச்சத்து கண்காணிப்பு அமைப்பு, முந்தைய நாள் உண்டதை நினைவிலிருந்து சொல்லவைத்து, அளவுக் கிண்ணங்களால் கணக்கிட்டது.

2010 வாக்கில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவு பற்றி எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வில் இந்தியக் களம் வேலூர். நடத்தியது கிறித்தவ மருத்துவக் கல்லூரி. குழந்தைகள் முந்தைய நாள் உண்டது மாதந்தோறும் கேட்கப்பட்டது. இத்தகைய விசாரணையில் கேள்வியின் நுட்பமே முக்கியம். கேழ்வரகுக் கூழ் கெட்டியா, நீர்த்ததா? எத்தனை கரண்டி ஊட்டினார்கள், எவ்வளவு மிஞ்சியது? உதாரணமாக, ஆம்பூர்ப் பக்கம் தாய் காலணித் தொழிற்சாலைக்குப் போய்விட்டால் ஊட்டியவர் பாட்டி. அவரிடம் கேட்காத கணக்கு பிழையாகும். அந்தப் பக்கத்து உணவைப் பிரியாணி என்று மட்டும் எழுதினாலும் போதாது: சீரகச் சம்பா எவ்வளவு, இறைச்சி எத்தனை துண்டு, கூட வந்த கத்தரிக்காய் எவ்வளவு என்பதும் வேண்டும்.