முத்துக்குளிப்பும் விட்டுப்போன வருடங்களும்

புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா டைவிங் செய்பவர்கள் ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் ஆழம், நேரம் எல்லாம் பதிவாகிவிடுகிறது. அதை சாஃப்ட்வேர் வரைபடமாகவும் காட்டிவிடும். ஆனால் எந்த வருடத்திலிருந்து வரைகிறோம் என்பதைப் பொறுத்து வரைபடம் சொல்லும் கதையே மாறிவிடும். நூறு வருடங்களுக்கு முன் மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துக்குளிப்பு இதற்கு நல்ல உதாரணம்.

தூத்துக்குடி, கீழக்கரை பக்கத்திலிருந்தும் அரேபியாவிலிருந்தும் வந்தவர்கள் கல்லின் பாரத்தில் மூச்சடக்கி மூழ்கி சிப்பி எடுத்தார்கள். இலங்கையின் ஆங்கில அரசு அவற்றை அன்றன்றே எண்ணிக் குறித்தது. மூன்றில் ஒரு பங்கு மூழ்கியவர்களுக்கு, மீதி அரசுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

1903-இல் தொடங்கி தொடர்ந்து நல்ல வருமானம். 1905-இல் மட்டும் 8 கோடி சிப்பிகளுக்கு மேல்! அந்தச் சூட்டில் 'சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்' என்ற நிறுவனம் 1906-இல் 20 வருடக் குத்தகை எடுத்தது. வருட வாடகை 3,10,000 ரூபாய். 1907-க்குப் பிறகு எடுக்கச் சிப்பியே இல்லை. வாடகை மட்டும் நிற்கவில்லை. சில வருடங்களில் கம்பெனி கலைக்கப்பட்டது. அங்கே அடுத்த முத்துக்குளிப்பு 1925-இல்தான் நடந்தது.

கணக்கில் பிழை எதுவும் இல்லை. 1892 முதல் 1902 வரை ஒருமுறைகூட முத்துக்குளிப்பு நடக்காததும் அதே அரசின் கணக்கில் இருந்த விஷயம்தான். குளித்த வருடங்களை மட்டும் வரைந்தால் லாபம் தெரியும். குளிக்காத வருடங்களுக்கும் பூஜ்யம் போட்டு வரைந்தால்தான் ரிஸ்க் தெரியும். பேலன்ஸ் ஷீட் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும்!