திரும்பிச் சென்ற கப்பல்கள்

உலக வரலாற்றின் திருப்புமுனைகள் எவை என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகள்கூடச் சில ஆண்டுகளை உடனே சொல்லிவிடுவார்கள். 1453 இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரம் துருக்கியர் வசமானது. 1492 இல் கொலம்பஸ் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். 1789 இல் பிரெஞ்சுப் புரட்சி. 1917 இல் ரஷ்யப் புரட்சி. இவையெல்லாம் ஆரவாரத்தோடு நிகழ்ந்தவை. ஆனால் ஆரவாரம் எதுவுமின்றி, ஒரு காரியம் நின்றுபோன காரணத்தாலேயே உலகின் போக்கு மாறியதும் உண்டு. சீனப் பேரரசின் பெருங்கப்பல்கள் 1433 இல் தாயகம் திரும்பின. பிறகு அவை வரவேயில்லை. அவை ஒரு காலத்தில் வந்து போயின என்பதற்குத் தமிழிலும் எழுதப்பட்ட கல்வெட்டு ஒன்று சாட்சியாக நிற்கிறது.

1911 ஆம் ஆண்டு இலங்கையின் காலி நகரில், மதகு ஒன்றை மூடியிருந்த கற்பலகை எழுத்துக்களோடு காணப்பட்டது. இன்று அது கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்ட அக்கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. ஆனால் மூன்றும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்புகள் அல்ல. சீன வாசகம் புத்த பெருமானுக்குக் காணிக்கை செலுத்துகிறது. பாரசீக வாசகம் இஸ்லாமியரின் இறைவனைப் போற்றுகிறது. தமிழ் வாசகமோ தென்னிலங்கையின் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தேனவரை நாயினாருக்குச் சீனப் பேரரசர் அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. தேனவரை நாயினார் திருமாலே என்பது அறிஞர் பலரின் கருத்து. பொன் 1000, வெள்ளி 5000, பட்டுத் துணிகள், வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. மூன்று தெய்வங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவான காணிக்கை என்பதே இதிலுள்ள சிறப்பு.

இக்கல்லைக் கொண்டுவந்தவர் செங் ஹோ என்னும் கடற்படைத் தலைவர். 1371 இல் யுன்னான் மாகாணத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே மிங் படையினரிடம் சிக்கி, ஆண்மை நீக்கப்பட்டு, இளவரசர் ஒருவரின் ஏவலாளாக்கப்பட்டார். அந்த இளவரசர் 1402 இல் யோங்லே என்ற பெயரில் பேரரசரானபோது செங் ஹோவின் வாழ்வும் உயர்ந்தது. 1405 முதல் 1433 வரை ஏழு முறை சீனக் கப்பற்படை மேற்கு நோக்கிப் புறப்பட்டது. முதற்பயணத்தில் மட்டும் 317 கப்பல்களும் 27,000 பேருக்கு மேலும் சென்றதாகச் சீன நூல்கள் கூறுகின்றன. மலாக்கா, இலங்கை, கொச்சி, கள்ளிக்கோட்டை, ஹோர்முஸ், ஏடன், ஆப்பிரிக்காவின் மாலிந்தி எனப் பல துறைமுகங்களை அக்கப்பல்கள் கண்டன.

இந்தக் கடல்வழியைச் செங் ஹோ புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சோழ மன்னர்களின் தூதுவர்கள் 11 ஆம் நூற்றாண்டிலேயே சீன அரசவைக்குச் சென்றிருந்தார்கள். சீனாவின் சுவன்சௌ துறைமுகத்தில் 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், சிவன் கோயில் ஒன்றின் சிற்பங்களும் கிடைத்திருக்கின்றன. அரபியரும் குஜராத்தியரும் தமிழரும் மலாய் மக்களும் நெடுங்காலமாகப் பழகிய கடல் அது.

செங் ஹோவை சாதுவான யாத்திரிகர் என்று எண்ணிவிடக் கூடாது. அவருடைய கப்பல்களில் போர்வீரர்கள் நிறைந்திருந்தார்கள். 1411 இல் இலங்கையில் அழகேஸ்வரன் என்ற ஆட்சியாளரோடு போர் மூண்டபோது, அவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்கே கொண்டுபோனார். பேரரசர் பின்னர் அவரை விடுவித்தார். ஆக, காணிக்கை செலுத்திய கையே வாளையும் ஏந்தியது. ஆயினும் சீனர் இக்கடலில் கோட்டைகள் கட்டிக் குடியேறி ஆளவில்லை. பிறர் கப்பல்கள் ஓடக் கூடாது என்று தடுக்கவில்லை. எவருடைய ஆலயத்தையும் இடிப்பதைக் கொள்கையாகக் கொள்ளவில்லை.

அப்படியானால் இவ்வளவு பெரிய முயற்சி ஏன் கைவிடப்பட்டது? மூடத்தனத்தால் என்று சொல்வது எளிது, உண்மை அதுவன்று. ஒவ்வொரு பயணமும் கருவூலத்தைக் காலியாக்கியது. வடக்கே மங்கோலியரின் அச்சுறுத்தல் ஓயவில்லை. தலைநகர் 1421 இல் நான்கிங்கிலிருந்து வடக்கே பீக்கிங்குக்கு மாற்றப்பட்டது. பெருங்கால்வாய் திருத்தப்பட்டதால் தெற்கிலிருந்து நெல்லை வடக்கே கொண்டுசெல்லக் கடல்வழி தேவைப்படவில்லை. கன்பூசிய நெறியில் ஊறிய அதிகாரிகள், அரண்மனை ஏவலாளரின் செல்வாக்கை வளர்த்த இப்பயணங்களை வெறுத்தார்கள். உழவருக்கு வரிச்சுமை குறைய வேண்டும் என்றும் வாதிட்டார்கள். 1424 இல் யோங்லே மறைந்ததும் பயணங்கள் நிறுத்தப்பட்டன. அவருடைய பேரன் காலத்தில் ஏழாவது பயணம் ஒன்று நிகழ்ந்தது. அதுவே கடைசி. 1449 இல் சீனப் பேரரசர் ஒருவரையே மங்கோலியர் போர்க்களத்தில் சிறைபிடித்தபோது, கவனம் முழுவதும் வடக்கு எல்லைக்குத் திரும்பிற்று.

எல்லாம் நியாயமான காரணங்கள்தாம். ஆனால் பெரும் தச்சர்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. கடல்வழி அறிந்த மாலுமிகள் முதுமையடைந்து மறைந்தார்கள். கப்பல் கட்டும் துறைகள் பாழாயின. ஒரு தலைமுறை நிறுத்திவைத்த வித்தையை அடுத்த தலைமுறை மீட்டுக்கொள்ளலாம். மூன்று தலைமுறை நிறுத்தினால் அது கதையாகிவிடும்.

சீனக் கப்பல்கள் கடைசியாகத் திரும்பியதற்கு அடுத்த ஆண்டு, 1434 இல், உலகின் மறுகோடியில் போர்த்துக்கல் என்ற சிறிய நாட்டின் மாலுமி ஒருவர் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள பொஜடோர் முனையைக் கடந்தார். அதுவரை ஐரோப்பியர் அஞ்சி நின்ற எல்லை அது. இந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை; ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் கதவை மூடிய வேளையில் இன்னொருவர் படியேறத் தொடங்கினார். 1488 இல் பர்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். 1498 மே மாதம் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தார். அவர் லிஸ்பனிலிருந்து புறப்பட்டபோது இருந்தவை நான்கு கப்பல்கள். ஆட்கள் சுமார் 170 பேர். சாமூதிரி மன்னருக்கு அவர் கொண்டுவந்த தொப்பி, பாத்திரம், சர்க்கரை, தேன் முதலிய பரிசுகளைக் கண்டு அரண்மனையார் நகைத்தனர்.

அந்த நகைப்பு நீடிக்கவில்லை. 1500 இல் கப்ரால் கள்ளிக்கோட்டையைப் பீரங்கியால் தாக்கினார். 1510 இல் கோவாவும், 1511 இல் மலாக்காவும், 1515 இல் ஹோர்முஸும் போர்த்துக்கேயர் வசமாயின. அவர்கள் தரும் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல்கள் பறிமுதலாயின. யாவருக்கும் பொதுவாயிருந்த கடல், சீட்டு வாங்கிப் போகும் சாலையாயிற்று.

அவர்களை எதிர்க்க ஆளில்லாமலில்லை. ஆனால் இக்கடலின் துறைமுகங்கள் ஒவ்வொன்றும் தன் நலத்தையே நோக்கின. கள்ளிக்கோட்டையோடு பகை கொண்டிருந்த கொச்சி மன்னர் போர்த்துக்கேயரை வரவேற்றார். மலாக்காவில் தென்னிந்திய வணிகரான நைன சட்டு என்பவர் அவர்களுக்கு உதவினார். நகர் வீழ்ந்தபின் உயர் பதவியும் பெற்றார். வெளியிலிருந்து வந்த நான்கு கப்பல்களைவிட, உள்ளே இருந்த பிரிவினையே பெரிய பீரங்கியாயிற்று.

அதன் விலையை ஆலயங்களும் கொடுத்தன. 1344 இல் இலங்கை வந்த யாத்திரிகர் இபின் பதூதா வியந்து எழுதிய தேவேந்திரமுனைக் கோயில், செங் ஹோ காணிக்கை செலுத்திய அதே தேனவரை நாயினார் கோயில், 1588 இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. யாழ்ப்பாண இராச்சியம் 1619 இல் வீழ்ந்தது. தொடர்ந்து 1620களில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் திருகோணமலைக் கோணேசர் கோயிலும் தரைமட்டமாயின. காணிக்கை பெற்ற கோயில் அழிந்தது. காணிக்கையைச் சொல்லும் கல்லோ மதகு மூடியாகக் கிடந்து பிழைத்தது.

சீனாவும் தப்பவில்லை. செங் ஹோவின் பெருங்கப்பல்கள் கட்டப்பட்ட துறை நான்கிங் நகரில் இருந்தது. அதே நான்கிங்கில், யாங்சி ஆற்றில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில், 1842 ஆகஸ்ட் 29 அன்று சீனா தோல்வி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, ஹாங்காங் கைமாறிற்று.

கப்பல்கள் தொடர்ந்து வந்திருந்தால் எல்லாம் நன்மையாகவே முடிந்திருக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் 1433 இல் கப்பல்களை நிறுத்தியவர்கள் தாம் உலகை மாற்றுகிறோம் என்று எண்ணவில்லை. செலவை மிச்சப்படுத்துகிறோம் என்றுதான் எண்ணினார்கள். திருப்புமுனையில் நிற்பவருக்கு அது திருப்புமுனை என்று தெரிவதில்லை. தூர தேசங்களில் வாழும் குடும்பங்களிலும் இப்படித்தான். வேலை மிகுதியால் இவ்வாண்டு பிள்ளையின் தமிழ்ப் பாடம் நிற்கிறது. அடுத்த ஆண்டு தேவாரம் நிற்கிறது. காரணங்கள் யாவும் நியாயமானவையே. மூன்றாம் தலைமுறை வந்து, காலிக் கல்வெட்டில் உள்ள அந்த எழுத்துக்கள் எந்த மொழி என்று கேட்கும்போதுதான், எந்த ஆண்டில் கப்பல் நின்றது என்பது புலப்படும்.