ஒரு மண் வீட்டின் சரித்திரம்

அரசர் எழுப்பிய கோட்டைகளையும் கோபுரங்களையும் பற்றி எழுதுவதே சரித்திரம் எனப் பலர் கருதுகின்றனர். உழைப்பாளி ஒருவன் தன் கையால் கட்டிய கூரை வீட்டிற்கும் சரித்திரம் உண்டு என்பதை, ஸ்காட்லாந்து நாட்டின் அலோவே கிராமத்திலுள்ள மண் வீடு ஒன்று நமக்கு உணர்த்துகின்றது.

அதைக் கட்டியவர் வில்லியம் பர்ன்ஸ். செல்வர் மாளிகைகளில் பூந்தோட்ட வேலை செய்து பிழைத்த அவர், ஏழரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, 1757-ஆம் ஆண்டில் தம் கையாலேயே இவ்வீட்டை எழுப்பினார். சுவர் களிமண், மேலே தாள் வேய்ந்த கூரை. மாடியில்லாத, நீண்டு தாழ்ந்த கட்டடம். ஒருபுறம் சமையலறை, அடுத்து ஓர் அறை, அப்பால் மாட்டுத் தொழுவமும் களஞ்சியமும். மனிதரும் மாடும் தானியமும் ஒரே கூரையின் கீழ்! குளிர் நாடாகையால் சன்னல்கள் சிறியவை. சமையலறைச் சுவரோரம் பெட்டிபோல் அடைத்த படுக்கை ஒன்றுண்டு. 1759 சனவரி 25-ல் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தது அதிலேதான்.

குழந்தை பிறந்த பத்து நாட்களுக்குள் வீட்டுக்கு ஆபத்து வந்தது. புகைபோக்கி அமைந்த கோடிச் சுவர் களிமண்ணாலானது. அடுப்பின் இருமருங்கும் நிறுத்தியவையோ கற்கள். மண் மெல்லத் தாழ்ந்தது, கல் தாழவில்லை. அதனால் சுவர் நிலைபிறழ்ந்து, புயல் வீசிய ஒரு விடியற்காலையில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. தாயையும் சேயையும் புயலினூடே அயல்வீட்டிற்குச் சுமந்து சென்றனர். ஒரு வாரத்தில் வீடு செப்பனிடப்பட்டது.

சுவர் சாய்ந்தும் மனம் சாயாத அத்தந்தை, 1765-ல் அண்டை வீட்டார் சிலருடன் கூடி, ஜான் மர்டாக் என்னும் இளைஞரை ஆசிரியராக அமர்த்தினார். முறைவைத்து அவருக்கு உணவும் உறையுளும் அளித்தனர். வறுமையைக் காரணங்காட்டிப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவோர் இதனைச் சிந்திப்பார்களாக!

இன்னொன்றும் மறைக்கற்பாலதன்று. 1786-ல் வறுமையால் நொந்த பர்ன்ஸ், ஜமைக்காத் தீவில் அடிமைகள் உழைத்த தோட்டமொன்றில் கணக்கராகப் போகத் துணிந்திருந்தார். அவ்வாண்டு வெளிவந்த கவிதை நூலின் வெற்றியே அவரைத் தடுத்தது. சமத்துவம் பாடிய நாவும் பசியின் முன் தடுமாறும் என்பதைத் தோட்டக் கணக்கு எழுதும் நாம் நன்கறிவோம். அறிந்தும், அதனை நியாயம் என்று கூறமாட்டோம்.

1781-ல் இவ்வீட்டை ஏர் நகரத்துச் செருப்புத் தைப்போர் சங்கம் விலைக்கு வாங்கிற்று. பின்னர் அது மதுக்கடையாகவும் ஆயிற்று. 1881-ல் பர்ன்ஸ் நினைவுச் சின்ன அறங்காவலர்கள் 4,000 பவுன் கொடுத்து மீட்டனர். இன்று ஸ்காட்லாந்து தேசிய அறநிலையம் அதனைக் காத்து வருகின்றது. மாரியிலும் காற்றிலும் களிமண் தானாக நிற்பதில்லை. கூரையை மீண்டும் மீண்டும் வேய்ந்து, சுவரை மீண்டும் மீண்டும் பூசும் கைகள் இருப்பதாலேயே அது நிற்கின்றது.

நம் முன்னோர் வாழ்ந்த தோட்டத்து லயன்கள் எத்தனையோ இடிந்து மறைந்தன. அவற்றின் அறை எத்தனை அடி, அடுப்பு எவ்விடம், கூரை அத்தாப்போ தகரமோ என்பதை எவர் எழுதி வைத்தார்? எஞ்சியவற்றையேனும் அளந்து எழுதுவோம். முதியோரைக் கேட்டுக் குறித்து வைப்போம். கவிஞன் பிறந்தால்தான் குடிசைக்கு மதிப்பு என்பதில்லை. காடழித்து நாடாக்கிய கைகள் உறங்கிய இடம் என்பதே போதிய சிறப்பன்றோ?