வேலை போன பின்னும் நடந்த வகுப்பு: செப்டிமா கிளார்க்கின் அறுபது ஆண்டுகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் 1955இல் மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பில் தொடங்கி, 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் கொலையோடு முடிந்ததாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் செப்டிமா கிளார்க்கை அடைக்க முடியாது. 1916இல் தொடங்கிய அவர் பணி 1970களிலும் ஓயவில்லை. இதற்கு மன உறுதியைக் காரணம் காட்டுவது எளிது. அவர் கைவசமிருந்த ஆசிரியத் தொழிலே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1898இல் பிறந்தவர் அவர். தந்தை அடிமையாகப் பிறந்தவர். நகரின் அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கு அப்போது இடமில்லை. கறுப்பினக் குழந்தைகளுக்குக்கூட வெள்ளையரே பாடம் நடத்தினர். ஆகவே நகருக்கு வெளியே இருந்த ஜான்ஸ் தீவுக்கு ஆசிரியராகப் போனார். அங்கே 132 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். எதிரிலிருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்று பிள்ளைகள். அங்கிருந்த ஆசிரியருக்கோ இவரைவிட இரு மடங்குக்கும் மேல் சம்பளம். சில ஆண்டுகளில் நகருக்குத் திரும்பி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். 1920இல் அந்தத் தடை நீங்கியது.

1956இல் அடி விழுந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் இருப்போர் அரசுப் பணியில் நீடிக்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது. கிளார்க் விலக மறுத்தார். நாற்பதாண்டு வேலையும் ஓய்வூதியமும் போயின. எதிர்ப்புக் குரல் எழுப்பக் கோரி 726 கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். சம்பளத்தை நம்பி வாழ்பவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. உரிமைப் போராட்டங்களுக்கு ஆட்களைப் பயிற்றுவிக்க டென்னசியில் மைல்ஸ் ஹார்ட்டன் நடத்திய ஹைலேண்டர் பள்ளி அவரை அழைத்துக்கொண்டது. முந்தைய ஆண்டு அங்கே அவர் நடத்திய பயிலரங்கில் மாண்ட்கமரி புறக்கணிப்புக்குத் தூண்டுகோலான ரோசா பார்க்ஸும் கலந்துகொண்டிருந்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1957 ஜனவரியில் ஹைலேண்டரின் சார்பில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்து வாக்காளராக்கும் முதல் குடியுரிமைப் பள்ளி ஜான்ஸ் தீவில் தொடங்கியது. முன்பக்கம் மளிகைக் கடை, பின்னறையில் வகுப்பு. வெள்ளையர் கண்ணில் படாதிருக்க இந்த ஏற்பாடு. பாடம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன் அழகு நிலையம் வைத்திருந்தவர், ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். வாடிக்கையாளர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். அவர் பிழைப்பில் எந்த வெள்ளை முதலாளியும் கை வைக்க முடியாது. அந்த 26 பதில்கள் கற்றுத் தந்த பாடம் இந்தத் தேர்வில் தெரிகிறது என்பேன். வந்தவர்களிடம் என்ன கற்க விருப்பம் என்று முதலில் கேட்டார். பெயரெழுதிய அட்டையின் மேல் எழுத்துகளைத் தடவிப் பழகினார்கள். பிறகு மணியார்டர் பாரம் நிரப்பினார்கள். வாக்காளராகப் பதிய வாசித்துக் காட்ட வேண்டிய மாநில அரசமைப்புப் பகுதியைப் படித்தார்கள்.

1959இல் காவல்துறை ஹைலேண்டரில் புகுந்து, மது வைத்திருந்ததாகப் பொய்க் குற்றம் சுமத்தி கிளார்க்கைக் கைது செய்தது. 1961இல் பள்ளியின் உரிமமே ரத்தானது. வகுப்புகள் நிற்கவில்லை, கிங் தலைமை தாங்கிய உரிமை அமைப்பான எஸ்.சி.எல்.சி. அவற்றை ஏற்றுக்கொண்டது. பாடத்திட்டமும் ஆசிரியர்களும் எந்தக் கட்டடத்தையும் நம்பி இருக்கவில்லையே.

அங்கும் அவருக்கு முழு மதிப்புக் கிடைக்கவில்லை. எல்லா ஊர்வலத்துக்கும் தாமே தலைமை தாங்காமல் மற்றவர்களையும் தலைவர்களாக வளர்க்கும்படி கிங்குக்குக் கடிதம் எழுதினார். அதைக் கூட்டத்தில் வாசித்தபோது சிரித்தார்கள். கிங்கிடம் அவருக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் பெண்களின் சொல்லைக் காதில் வாங்காத வழக்கத்தைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கண்டித்தார்.

1970இல் எஸ்.சி.எல்.சி.யிலிருந்து ஓய்வு பெற்றார். அவரை வெளியேற்றிய சார்ல்ஸ்டனிலேயே பின்னர் பள்ளி வாரிய உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பணிநீக்கம் அநியாயமானது என்று ஒப்புக்கொண்டு மாநிலம் ஓய்வூதியத்தைத் திருப்பித் தந்தது 1976இல்.