கோடரிக்கு ஒரு திர்ஹம்

குயிலாப்பாளையம் என்னும் கிராமத்துச் செம்மண் மேட்டிலிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குப் போகிறவர், சாதத்துல்லா கான் பெயரால் 1717-18இல் எழுந்த பள்ளிவாசலை அங்கே காண்பார். 1714இல் செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் வீழ்ந்தபின் இப்பிரதேசத்தில் நிலைத்த ஆற்காட்டு நவாபு ஆட்சிக்கு அது சாட்சி. அவ்வாட்சி மறைந்தது, ஆயினும், ஓராண்டு தம்மிடம் தங்கிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைக்குரியதென்று பிரித்துவைக்கும் ஜகாத் என்னும் கடமை மறையவில்லை. அப்பங்கை அன்றைய சோறாகக் கொடுப்பதா, பிழைப்புக்கு முதலாகக் கொடுப்பதா என்ற விசாரம் மிகப் பழையது.

யாசித்து வந்த மதீனாவாசி ஒருவரின் வீட்டிலிருந்த முரட்டுத் துணியையும் மரக்கிண்ணத்தையும் வரவழைத்து, நபிகள் நாயகம் இரண்டு திர்ஹத்துக்கு ஏலமிட்டார் என்பது ஹதீஸ் வழிச் செய்தி. ஒரு திர்ஹம் உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு. அதற்குப் பிடியைத் தம் கையாலேயே பூட்டிக்கொடுத்து, விறகு வெட்டி விற்றுப் பதினைந்து நாள் கழித்து வரச்சொன்னார். வந்தவர் பத்துத் திர்ஹம் சம்பாதித்திருந்தார்.

13ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் போதித்த இமாம் நவவி இக்கருத்தைச் சட்டமாக விரித்து, தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிக்கும் முதலுக்கும் ஆகும் தொகையை ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்றும், காய்கறி விற்பவனுக்கு ஐந்தோ பத்தோ திர்ஹம் போதுமாயின், இரத்தின வியாபாரிக்குப் பத்தாயிரமும் வேண்டியிருக்கும் என்றும் எழுதினார். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரையூர்களில் வேரூன்றியது அவர் சார்ந்த ஷாஃபி சட்ட மரபே. உள்நாட்டில் பரவிய ஹனஃபி மரபினரோ, கடனாளிக்கும் பெருங்குடும்பிக்கும் விலக்களித்தபோதிலும், ஒருவருக்கே பெருந்தொகை கொடுப்பதை விரும்பவில்லை.

நீடித்துப் பயன்தரும் கொடைக்குத் தமிழ்நாட்டிலும் ஓர் உவமை இருக்கிறது. இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்துக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி இறந்தபின்னும், கல்லறையிலிருந்து கை நீட்டிப் புலவருக்கு மோதிரம் கொடுத்ததாகக் கதை உண்டு. முதலை அழியாமல் நிறுத்தி விளைவை மட்டும் வழங்கும் வக்ஃபு ஸ்தாபனத்தின் தத்துவத்தை, இக்கதையைவிடச் சுருக்கமாகத் தமிழில் சொல்லிவிட முடியாது.

இன்று கோடரியின் ஸ்தானத்தில் கைப்பேசி நிற்கிறது. தைத்த துணியையும் இட்ட ஊறுகாயையும் வாட்ஸ்அப்பில் படம் காட்டி விற்கும் ஏழைப்பெண்ணுக்கு அதுவே கடை. ஜகாத்திலிருந்து முதல் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு: மலேசியாவின் சிலாங்கூர் ஜகாத் வாரியம் தொழில் செய்யும் ஏழைகளுக்கு மூலதன உதவி அளிக்கிறது. ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்கே உரியது என்பது பெரும்பாலான சட்டவல்லுநரின் அபிப்பிராயமாயினும், சதகா என்னும் தருமத்துக்கு அந்த வரம்பில்லை. குயிலாப்பாளையம் போன்ற கலப்புக் கிராமத்தின் இளைஞர் எவருக்கும் அது எட்டும்.

ஆனால் கருவியை ரமலானில் கொடுத்துவிட்டு, அடுத்த ரமலானில்தான் முகம் பார்ப்பது பழைய வழியாகாது. பிடியைப் பூட்டிய கையும், பதினைந்தாம் நாள் கேட்ட கணக்கும் அந்தக் கொடையில் அடக்கம்.