ஜப்பான் வங்கியின் வட்டியும் டோக்கியோ பங்குச் சந்தையும்

1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் கூடிய ஐந்து நாடுகள் டாலரின் மதிப்பைக் குறைக்க உடன்பட்டதை அடுத்து, யென்னின் மதிப்பு விரைவாக உயர்ந்து, ஏற்றுமதியை நம்பியிருந்த ஜப்பானியத் தொழில்கள் நெருக்கடிக்கு உள்ளாயின. அவற்றைத் தாங்கிப்பிடிக்க முனைந்த மத்திய வங்கியான ஜப்பான் வங்கி, பிற வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கு வாங்கும் வட்டியாகிய வங்கி வீதத்தை 5 விழுக்காட்டிலிருந்து படிப்படியாகக் குறைத்து, 1987 பிப்ரவரியில் 2.5 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து, 1989 மே இறுதிவரை அங்கேயே வைத்திருந்தது.

வட்டி இறங்கும்போது பங்கு விலை ஏறுவதற்கு அடிப்படையான கணக்கு எளியது. ஆண்டுதோறும் தவறாமல் 100 யென் ஈட்டும் சொத்துக்கு, வட்டி 2.5 விழுக்காடாக இருக்கையில் 4,000 யென் கொடுக்கலாம். அத்தொகையை வட்டிக்கு விட்டாலும் 100 யென்தான் வரும். வட்டி 6 விழுக்காடானால் அதே சொத்து ஏறத்தாழ 1,667 யென்தான் பெறும். டோக்கியோவில் இக்கணக்கோடு கடனும் கைகோத்தது. நிலமே கடனுக்குரிய முதன்மையான ஈடாக இருந்தமையால், நில விலை ஏற ஏறக் கடன் பெருகி, அதில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குள் பாய்ந்து, நிலம் வைத்திருந்த நிறுவனங்களின் பங்குகளை மேலும் உயர்த்தியது. 1985 இறுதியில் ஏறத்தாழ 13,100 புள்ளிகளாக இருந்த, டோக்கியோ பங்கு விலைகளின் போக்கைக் காட்டும் நிக்கேய் குறியீட்டெண், 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளிகளைத் தொட்டது.

அவ்வாண்டிலேயே மே, அக்டோபர், டிசம்பர் மாதங்களில் வட்டி மும்முறை உயர்த்தப்பட்டிருந்தும் சந்தை அதைப் பொருட்படுத்தவில்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. வளர்ச்சி ஓயாது என்ற நம்பிக்கை இருந்தவரை வட்டியின் கணக்கு எவர் கண்ணுக்கும் படவில்லை. டிசம்பரில் ஜப்பான் வங்கியின் ஆளுநரான யசுஷி மியெனோ, 1990 ஆகஸ்டுக்குள் வீதத்தை 6 விழுக்காடாக்கினார். அக்டோபர் தொடக்கத்தில் குறியீட்டெண் 20,000 புள்ளிகளுக்குக் கீழே இறங்கியது. வீழ்ச்சிக்கு மியெனோவைக் குறைகூறுவோர் உண்டு. எனினும் வீழ்ச்சியின் ஆழத்தை வகுத்தவை, 2.5 விழுக்காட்டில் கடன் குவிந்த அந்த 27 மாதங்களே எனக் கொள்வது பொருந்தும்.

1991 ஜூலை முதல் வீதம் மீண்டும் குறைக்கப்பட்டு 1995இல் 0.5 விழுக்காடாயிற்று, ஆனாலும் பழைய உச்சத்தைச் சந்தை 2024 பிப்ரவரியில்தான் கடந்தது. சொத்தின் மதிப்பைக் காட்டிலும் கடன் மிகுந்துவிட்ட நிறுவனங்கள், வட்டி எவ்வளவு மலிந்தாலும் புதுக்கடன் வாங்காமல் பழைய கடனை அடைப்பதிலேயே பல்லாண்டுகள் முனைந்திருந்தன.